பெயர் சொன்னதும் தெளிந்த முகம்

செக்கிங் பிரிவுக்குப் புதிதாக சூப்பர்வைசர்களாக வந்திருக்கும் தங்கைகள் மூன்று பேருக்கும்,

நேரில் வந்து நாலு வார்த்தை பேசச் சொன்னீர்கள். வர முடியவில்லை. ஜங்ஷன் பக்கத்திலிருந்து ஆட்டோ பிடித்தால் பத்து நிமிடம்தான். வந்த பிறகு அந்த சிமெண்டுத் தரையில் நிற்க முட்டி ஒத்துக்கொள்ளாது. முட்டியின் மேல் பழி போடுகிறேனே தவிர, உண்மையில் அந்த ஷெட்டுக்குள் மறுபடி நுழைய எனக்குத் தெம்பில்லை. முப்பத்தோரு வருடம் அங்கே மண்தூசி தின்றாயிற்று. அதனால் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுதுகிறேன்.

வேலையைப் பற்றி எழுதப்போவதில்லை. விரிசலை எப்படிக் கண்டுபிடிப்பது, எதைத் தள்ளுவது, எதை விடுவது என்பதையெல்லாம் ஆறு மாதத்தில் உங்கள் கண்ணும் கையும் கற்றுக்கொள்ளும். என்னைவிட வேகமாகவே பார்ப்பீர்கள். நான் சொல்ல வந்தது சாமானைப் பார்ப்பதைப் பற்றி அல்ல. சாமானைப் பார்க்கிற ஆள் அன்றைக்கு என்ன மனநிலையில் இருக்கிறாள் என்று யாரும் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை. அதற்குப் பலியாகப் போனவள் செல்வி.

செல்வியை உங்களுக்குத் தெரியாது. நீங்கள் வருவதற்குக் கொஞ்சம் முன்பு வேலையை விட்டுவிட்டாள். நான் சூப்பர்வைசர் ஆவதற்கு முன்னால் பன்னிரண்டு வருடம் டிப்பிங் தொட்டியருகில் நானும் அவளும் பக்கத்துப் பக்கத்தில் நின்றோம். காய்ந்த பீங்கான் இன்சுலேட்டரைத் தூசி துடைத்து, பளபளப்புக்கான கிளேஸ் கரைசலில் முக்கி எடுத்து, பலகையில் அடுக்க வேண்டும். காலையில் முக்க ஆரம்பித்தால் சாயங்காலம் வரை கை நிற்காது, வாயும் நிற்காது. என் வீட்டுக்காரர் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தார், என்ன வாசனையோடு வந்தார் என்பதுவரை அவளுக்குத் தெரியும். அவள் மாமியாருக்கு எந்தெந்த மாத்திரை என்பது எனக்கு மனப்பாடம்.

வருடா வருடம் மாசி மகத்தன்று செக்‌ஷன் பெண்கள் எல்லோரையும் செல்வி சாப்பிடக் கூப்பிடுவாள். அவள் வீடு கோயில் பக்கத்துத் தெருவில். எனக்கு அது பெரும்பாலும் ஈஸ்டருக்கு முந்தின தவசுக் காலமாக இருக்கும், கவுச்சி சாப்பிட மாட்டேன். "உங்க தவசுக்கும் ஆச்சு, எங்க தீர்த்தவாரிக்கும் ஆச்சு" என்று சொல்லி சாம்பாரை ஊற்றுவாள். கிறிஸ்துமஸுக்கு அத்தனை பேரும் என் வீட்டுக்கு வருவார்கள். பன்னிரண்டு வருடமும் இப்படித்தான்.

அந்த வருடம் தை மாதம் என்னை சூப்பர்வைசர் ஆக்கினார்கள். கண்ணாடித் தடுப்புக்குள் ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு ஃபேன். மதியம் ஒருமணிக்கு டிபன் பாக்ஸைத் திறந்தபோதுதான் எனக்கு விஷயமே உறைத்தது. எல்லோரும் வேப்பமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நான் ஃபேனுக்குக் கீழே தனியாக உட்கார்ந்திருந்தேன். நான் போயிருக்கலாம். அவர்கள் கூப்பிட்டிருக்கலாம். இரண்டும் நடக்கவில்லை. ஒரு வாரத்தில் அதுவே பழக்கமாகிவிட்டது. செல்வி என்னை அக்கா என்று கூப்பிடுவதை நிறுத்தி, மேடம் என்று ஆரம்பித்திருந்தாள்.

மாசி மகம் வந்தது. அந்த வருடம் எனக்கு அழைப்பு வரவில்லை.

சாயங்காலம் போனில் ஸ்டேட்டஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். செல்வி வீட்டுக் கூடத்தில் வரிசையாக வாழை இலை. நம் செக்‌ஷன் பெண்கள் எல்லோரும் இருந்தார்கள். போன மாதம் வேலைக்குச் சேர்ந்த பெண்கூட இருந்தாள். நான் அந்தப் போட்டோவை நாலைந்து தடவை பார்த்தேன். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அரிசி களைய எழுந்து போனேன். எனக்கு ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்தேன். நாற்பத்தெட்டு வயதில், கல்லூரி போகிற பெண்ணை வைத்துக்கொண்டு, சாப்பாட்டுக்குக் கூப்பிடவில்லை என்று யாராவது அழுவார்களா? அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ரொம்பவும் கெட்டியாகச் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த வாரத்திலிருந்து செல்வியின் பலகையில் ரிஜெக்ட் கூடியது.

இதை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். நான் பொய் சொல்லவில்லை. இல்லாத குறையை எழுதவில்லை. ஊசிமுனை அளவு புள்ளி இருந்தது, தள்ளினேன். அதே புள்ளி இன்னொருத்தி பலகையில் இருந்தபோது என் கண் அதன்மேல் நிற்காமல் போயிற்று. அதுதான் வித்தியாசம். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது நேர்மையாகத் தெரிந்தது. "சினேகிதின்னுகூடப் பாக்கறதில்ல, கரெக்டா இருக்காங்க" என்று மேனேஜர் என் காதில் விழும்படி சொன்னார். எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. எனக்கு வலிக்கிறது என்பதை நான் கண்டிப்பு என்று நினைத்துக்கொண்டேன். செல்வி வாயே திறக்கவில்லை. திருப்பி அனுப்பிய பலகையை வாங்கிக்கொண்டு போவாள். அவள் வாயைத் திறக்காததும் எனக்குத் திமிராகத் தெரிந்தது.

ஐப்பசியில் ஒரு வாரம் விடாத மழை. சுடாத பச்சைச் சாமான் எதுவும் காயவில்லை. பெரிய ஆர்டர் ஒன்று இருந்தது. முதலாளி தினமும் மூன்று தடவை ஷெட்டுக்கு வந்துவிட்டுப் போனார். சாமான் காய்ந்ததா என்று தொட்டுப் பார்த்து டிப்பிங்குக்கு அனுப்புவது செக்கிங்கின் பொறுப்பு என்பது உங்களுக்குத் தெரியும். ஈரம் இருந்தால் கிளேஸ் நிற்காது. நான் தொட்டுப் பார்த்தேன். இன்னும் ஒருநாள் கிடக்கட்டும் என்று கை சொல்லிற்று. முதலாளி பின்னால் நின்றார். போகட்டும் என்று கையெழுத்துப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை சூளையைத் திறந்தார்கள். முன்வரிசைப் பலகையைக் கிட்டே போய்ப் பார்த்தேன். கிளேஸ் அங்கங்கே ஒதுங்கிச் சுருண்டு, உள்ளே வெறும் மண் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. பாதிக்கு மேல் போயிற்று என்று பார்த்த மாத்திரத்திலேயே தெரிந்தது.

முதலாளி வந்தார்.

"என்னாம்மா இது? எதனால ஆச்சு?"

இப்படி வருவதற்கு இரண்டு காரணம் உண்டு. சாமானில் ஈரம் இருந்திருக்க வேண்டும், அல்லது முக்குகிறவள் தூசியைச் சரியாகத் துடைக்காமல் முக்கியிருக்க வேண்டும். ஈரம் என்றால் நான். தூசி என்றால் டிப்பிங்.

ஒவ்வொரு சாமானின் அடிப்பக்கத்திலும் யார் முக்கியது என்பதற்குக் குறி இருக்கும். செல்வியின் குறி இரண்டு புள்ளி. நான் முன்பலகையிலிருந்து ஒன்றை எடுத்துக் கவிழ்த்தேன். இரண்டு புள்ளி. இன்னொன்றை எடுத்தேன். அதுவும் இரண்டு புள்ளி.

"டிப்பிங்லதாங்க தப்பு. தூசி தொடைக்கல. செல்வி பலகை" என்றேன்.

முதலாளி செல்வியைப் பார்த்து, வீட்டுக்குப் போகச் சொன்னார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். செல்வி தண்ணீர்த் தொட்டியில் கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு போனாள். அவள் புருஷன் லோடு ஏற்றும்போது விழுந்து இடுப்பு போய் ஒரு வருடமாக வீட்டில் கிடந்தான். அந்த வீட்டில் சம்பளம் வாங்கினது அவள் ஒருத்திதான். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேனா, தெரியாதது மாதிரி சொன்னேனா என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

சூளைக்காரர் ஒருவர் இருந்தார். பெண்ணாடத்திலிருந்து பஸ்ஸில் வருவார். சர்க்கரை ஆலை ஓடுகிற மாதங்களில் கரும்பு டிராக்டர்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு தினமும் லேட். அதற்காக என்னிடம் நிறைய வாங்கிக் கட்டிக்கொண்டவர். என் வயதுதான் இருக்கும். பெயரை எழுதினால் கூச்சப்படுவார், விட்டுவிடுகிறேன். மதியம் அவர் என் தடுப்புக்கு வெளியே வந்து நின்றார். கையில் நாலு இன்சுலேட்டர்.

"மேடம், இத பொரட்டிப் பாருங்க."

பார்த்தேன். ஒன்றில் இரண்டு புள்ளி. ஒன்றில் ஒற்றைப் புள்ளி. மற்ற இரண்டில் கோடு. மூன்று பேர் முக்கியது. எல்லாவற்றிலும் ஒரே மாதிரி கிளேஸ் சுருண்டிருந்தது.

"பின்வரிசை பூரா இப்டிதான் இருக்குது. மூணு பேருமா சேர்ந்து ஒரே நாள்ல தூசி தொடைக்காம வுட்டாங்க? ஈரங்க மேடம். நீங்க ரெண்டு எடுத்தீங்க, நிறுத்திட்டீங்க."

நான் டிபன் பாக்ஸை எடுத்து மூடினேன். அவர் போகவில்லை.

"ஒன்னு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. செல்வி பேர சொன்னப்ப உங்க மொகம் தெளிஞ்சுது. அத்தினி சாமான் போயிருக்குது, எல்லாரும் நடுங்கிட்டு நிக்கறோம், உங்களுக்கு மட்டும் மொகம் தெளியுது. அதான் எனக்கு பயமாப் போச்சு."

எனக்கு அப்போது வந்தது வருத்தம் இல்லை. எரிச்சல். லேட்டாக வருகிற ஆளுக்கு இதெல்லாம் எதற்கு என்று வந்தது. "வெச்சுட்டுப் போங்க" என்றேன். அவர் நாலையும் என் மேசைமேல் வரிசையாக, குறி தெரியும்படி கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.

அவர் சொன்னது சரி. அந்தப் பெயரைச் சொன்னபோது எனக்கு இனித்தது. ஒரு நொடிதான். பானகம் குடித்த மாதிரி தொண்டையில் இறங்கிற்று. அந்த நொடியில் நான் நின்றிருந்தால், ஏன் எனக்கு இப்போது இனிக்கிறது என்று ஒரு மூச்சு விடுகிற நேரம் கேட்டிருந்தால், மூன்றாவது சாமானையும் எடுத்துப் பார்த்திருப்பேன்.

மறுநாள் சனிக்கிழமை. சாயங்காலம் மாதா கோயிலுக்குப் போய், பாவத்தைச் சொல்ல பாவசங்கீர்த்தனத்தில் முழங்கால் போட்டேன். "வேலை செய்யற எடத்துல ஒருத்தங்க மேல கோவப்பட்டேன் சாமி" என்றேன். பங்குச் சாமியார் மூன்று அருள்நிறை மரியே சொல்லச் சொன்னார். இரண்டாவது செபத்தின் பாதியில் நிறுத்திவிட்டேன். நான் கோபப்படவே இல்லை. சாமியாரிடமும் பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். எட்டு மாதமாக எனக்கு இருந்தது ஏக்கம். அவர்கள் வட்டத்தில் எனக்கு இடமில்லை என்கிற ஏக்கம். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அந்த வாழை இலைப் போட்டோவை நினைத்து பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். ஆச்சரியம் என்னவென்றால், அதை ஏக்கம் என்று சரியான பெயர் சொல்லிக் கூப்பிட்டதுமே செல்வி மேல் இருந்த கடுப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பயம் மட்டும் மிஞ்சியது.

அந்தப் பயத்தையும் சொல்லிவிடுகிறேன், என்னைப் பெரிய மனுஷியாக நினைத்துவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க, சொல்லாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தேன். நாற்காலி போய்விடும், பெண் படிப்பு நின்றுவிடும் என்றெல்லாம் கணக்குப் போட்டேன். திங்கள்கிழமை காலை முதலாளி அறைக்குள் போனேன். ஈரம் இருந்தது, நான்தான் அனுப்பினேன், செல்வி மேல் தப்பில்லை என்று சொன்னேன். அவர் கத்தினார். கத்தட்டும் என்று நின்றேன். கடைசியில், அவர் என் பின்னால் நின்று அவசரப்படுத்தியது அவருக்கே ஞாபகம் வந்திருக்க வேண்டும். "அந்தப் பொண்ண வரச் சொல்லுங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆள் அனுப்பியிருக்கலாம். நானே போனேன். செல்வி வாசற்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எழுந்து, பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் போட்டாள். அந்த வீட்டில் எனக்கு நாற்காலி போட்டது அதுதான் முதல் தடவை. நான் அதில் உட்காராமல் படியிலேயே உட்கார்ந்தேன்.

"மொதலாளி வரச் சொன்னாரு செல்வி. தப்பு உன்னோடது இல்லன்னு தெரிஞ்சுபோச்சு."

"எனக்கு அன்னிக்கே தெரியுங்க மேடம்."

கீரையை உருவிக்கொண்டே சொன்னாள், என்னைப் பார்க்கவில்லை.

"நீங்க ஒன்னு எடுத்துக் கவுத்தீங்க. என்னுது. ரெண்டாவது எடுத்தீங்க, அதும் என்னுது. சரி, அடுத்தது எடுப்பாங்க, பின்னாடி பலகைல எடுப்பாங்கன்னு உங்க கையவே பாத்துட்டு நின்னேன். எடுக்கல."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கம்பெனி பாஷையில் நாலு வார்த்தை தயாராக வைத்திருந்தேன், எதுவும் வரவில்லை. வந்தது வேறு.

"மாசி மகத்துக்கு நீ என்ன கூப்புடல செல்வி. எனக்கு அது வலிச்சுது. சொல்ல வெக்கமா இருந்துச்சு. அத வெச்சுக்கிட்டுதான் எட்டு மாசமா உன் பலகைய பாத்தேன்."

அவள் கை நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"மேடம்னு கூப்புடச் சொன்னது யாரு?"

எனக்குப் புரியவில்லை.

"தை மாசம், தொட்டிகிட்ட வந்து நின்னு எல்லார்கிட்டயும் சொன்னீங்க. 'ஷெட்டுக்குள்ள அக்கா கிக்கான்னு கூப்புடாதீங்க'ன்னு. என்ன பாத்துக்கிட்டே சொன்னீங்க. அப்பறம் எந்த மூஞ்ச வெச்சுகிட்டு உங்கள வூட்டுக்கு சாப்புடக் கூப்புடுவேன்? வரலன்னுட்டா? எனக்கும்தான் வலிச்சுது. நானும் சொல்லல."

மேனேஜர் சொல்லச் சொன்னார், சொன்னேன். சொன்னதையே மறந்துபோயிருந்தேன். எனக்கு விழுந்த அடி எட்டு மாதம் நினைவிருந்தது, நான் கொடுத்தது எட்டு நாள்கூட நினைவில்லை. அன்றைக்கு அந்தப் படியில் உட்கார்ந்து இரண்டு பேரும் மிச்சக் கீரையை ஆய்ந்து முடித்தோம். முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தபோது செல்வி சொன்னாள்.

"நாளைக்கு வேலைக்கு வரேன். ஒன்னே ஒன்னு. இனிமே என் பலகைய நீங்க பாக்க வேணாம். வேற யார் வேணாலும் பாக்கட்டும், தள்ளட்டும், நான் வாங்கிக்கறேன். நீங்க வேணாம்."

"இன்னும் கோவமா?"

"கோவம் போயிடும். இது அதில்லீங்க."

சரி என்றேன். செக்கிங்கில் இருந்த இன்னொருத்தியிடம் அவள் பலகையை ஒப்படைத்தேன். காரணம் கேட்ட மேனேஜரிடம், எனக்கு அங்கே கண் சரியாக நிற்காது என்றேன். அவர் கண்ணாடி மாற்றச் சொன்னார்.

அதன் பிறகு நான் திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்த காலைகளில் என் கை கனமாகத்தான் இருந்தது. எதிர்த்துப் பேசுகிற பெண்ணின் பலகை வந்தால் உள்ளே ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்காரும். அது போகவே இல்லை, போகும் என்று எதிர்பார்க்காதீர்கள். நிமிர்ந்து உட்கார்ந்தது என்ன என்று மட்டும் கேட்டுக்கொள்வேன். பயமா, பொறாமையா, ராத்திரி தூங்காததா. பெயர் தெரிந்தால் பார்ப்பேன். தெரியாவிட்டால் பலகையை அடுத்த மேசைக்குத் தள்ளிவிடுவேன். வேலை மெதுவாகத்தான் நடக்கும். திட்டு வாங்குவீர்கள். நான் வாங்கினேன். இத்தனை வருடத்தில் நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான், இதற்கே அலுத்துப்போயிற்று.

செல்வியும் நானும் மறுபடி பேசிக்கொள்ள நாலைந்து மாதம் பிடித்தது. பழைய பேச்சு இல்லை. வலித்தால் வலிக்கிறது என்று அன்றைக்கே சொல்லிக்கொள்கிற பேச்சு. சில நாள் அது சண்டையாகவும் முடியும். என் வீட்டுக்காரரைப் புதுச்சேரியில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது, லீவு போட்டுவிட்டு வந்து ஒன்பது நாள் என்னோடு வராண்டாவில் கிடந்தாள். அவர் போன அன்று என் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தவள் அவள்தான்.

எனக்கு ஓய்வு கொடுத்த கடைசி வாரம், டீ குடிக்கும்போது கேட்டேன். ஆறு வருடம் ஆயிற்றே, போவதற்கு முன் ஒரே ஒரு தடவை உன் பலகையைப் பார்த்துவிட்டுப் போகட்டுமா என்று.

செல்வி டீயை ஊதிக் குடித்தாள். யோசித்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது.

"வேணாம்" என்றாள். "இப்ப நல்லா இருக்கோம்ல."